ரப்பர் தோட்டத்துக்கு ஒரு ஜோடி

போர்ட் பிளேர் ஜெட்டியில் லாங் ஐலண்ட் கப்பலுக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்து வரிசையில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இந்தியப் பாஸ்போர்ட்டோடு அனுப்பப்பட்ட தமிழர்கள் வெயிலில் நிற்கிறார்கள். தெற்கே ஒரு தீவில் ரப்பர் தோட்டம். புருஷன் பெண்டாட்டியாக வந்தால்தான் அங்கே வீடும் வேலையும். தனியாள் என்றால் தமிழ்நாட்டில் தங்கவைத்திருந்த முகாமுக்கே திரும்ப வேண்டும். குடிமக்களாக இருந்தால் மட்டும் போதாதாம்.

கைக்குழந்தையோடு நிற்கும் ஒரு பெண்ணைக் காட்டி, “இஸ்கே ஆத்மி கா நாம் பூச்சோ” என்று இந்தியில் என்னை ஏவுகிறார், அவர்களைப் பதிவு செய்யும் குமாஸ்தா.

“புருஷன் பேரு என்னம்மா?”

அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். பின்னால் நிற்பவன் அவசரமாகத் தன் பாஸ்போர்ட்டை நீட்டுகிறான்.

எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்குகிறேன். குமாஸ்தா சிரித்துவிட்டு, பாஸ்போர்ட்டில் அவன் பெயரை மட்டும் பார்த்து இருவரையும் ஒரே குடும்பமாக எழுதி முத்திரை குத்துகிறார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது.

என் பக்கத்திலேயே இருக்கும் அவர்கள் கப்பலின் ஏணியில், முன்னால் ஏறுகிறவனிடம் அவள் மெதுவாகக் கேட்கிறாள்.

“அண்ணே, ஒங்க பேரு என்ன?”

“இனிமே அண்ணேன்னு கூப்பிடாத” என்கிறான் அவன், திரும்பிப் பார்க்காமல்.