வெண்நாரையின் வயிற்று விளக்கு

பல்லுக்காரர் என்று நான் சொல்லும் இந்த மனிதர் பல் வைத்தியர் அல்ல, பல் செய்கிறவர். வைத்தியரிடமிருந்து ஈறின் அச்சு வரும். விழுந்த பல்லுக்குப் பதில் பீங்கானில் ஒன்று செய்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு இணங்கச் சாயம் ஏற்றி, உலையில் சுட்டு, மெருகு போட்டு அனுப்பிவிடுவார். அந்த வாய் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. ஊரில் எத்தனையோ பேர் அவர் கைவேலையைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். அவர்களுக்கும் இவரைத் தெரியாது.

கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்காதீர்கள், அவரே கேட்டுக்கொண்டதில்லை. வீடு என்று அவர் சொன்னால் அது அக்கா வீடுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு அங்கே. சாப்பிட்டானதும் அவரும் அக்கா புருஷனும் சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து 'வெண்நாரை' பார்ப்பார்கள்.

வெண்நாரை என்பது ஒரு விண்கப்பல். இவர் அரைக்கால் சட்டை போட்ட காலத்தில் வாரம் ஒருமுறை டிவியில் வந்த தொடரின் நாயகி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷம் கழித்து அந்தத் தொடரைப் புதிதாக எடுத்தார்கள். கதை அதே கதை, கப்பல் மட்டும் வேறு. அங்கேதான் வந்தது வினை. ரசிகர்களுக்கென்று போனில் ஒரு குழு. பழைய கப்பல் கட்சி, புதுக் கப்பல் கட்சி என்று அது இரண்டாகப் பிளந்தது. வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி, விடிந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்கள்.

அக்கா புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவர் புதுக் கட்சி.

"மாப்ள, உன் நாரைக்கு எஞ்சின் ரிப்பேர் ஆச்சுன்னா எங்க கையை விடறது? ஒரு மூடி இருக்கா, ஒரு ஏணி இருக்கா? முட்டை மாதிரி வழவழன்னு நிக்குது. புதுசைப் பாரு. போல்ட் தெரியுது, குழாய் தெரியுது, எண்ணெய்க் கறை தெரியுது. மனுஷன் வேலை செய்யற கப்பல்டா அது."

"எண்ணெய்க் கறை பார்க்கவா மாமா வானத்துக்குப் போறோம்? அது உங்க லிஃப்ட் கூண்டுலயே இருக்கே!"

இதுவரை எல்லாம் சரி. சோபாவின் இரண்டு முனைகளுக்கு நடுவே இந்தப் பேச்சு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஓடியிருக்கும். கெடுத்தது அந்த விளக்கு.

பழைய தொடரில் ஒவ்வொரு வாரமும் முடிவில் வெண்நாரை திரை முழுக்க அசையாமல் நிற்கும், அதன்மேல் நடிகர்களின் பெயர்கள் ஓடும். அப்போது கப்பலின் வயிற்றுக்கு அடியில், கொஞ்சம் பின்னால் தள்ளி, முத்து மாதிரி ஒரு விளக்கு மினுங்கும் என்றார் பல்லுக்காரர். அதை எடுத்துவிட்டார்களே, ஒரு சின்ன விளக்கு, அதுகூடவா கனமாகிவிட்டது என்று குழுவில் புலம்பினார். மற்றவர்கள் பழைய படங்களைத் தேடிப் போட்டார்கள். ஒன்றிலும் விளக்கு இல்லை.

"பின்னாடி சுத்தம் பண்ணி வெளியிட்ட படம் அதெல்லாம். தூசின்னு நினைச்சுத் துடைச்சிட்டாங்க" என்றார் இவர். பழைய படங்களைத் திரும்ப வெளியிடும்போது எதையாவது மாற்றித் தொலைப்பது அந்தக் கம்பெனிகளின் வழக்கம்தான் என்பதால் ஒருவராலும் முழுதாக மறுக்க முடியவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார் மனிதர். குழுவில் அவருக்கு 'விளக்கு' என்றே பெயர் விழுந்தது.

ஒருநாள் அக்கா புருஷன் விளையாட்டாக எழுதினார்: "விளக்கு கப்பல்ல இல்லை, எங்க மாப்ள மண்டைக்குள்ளதான் எரியுது. அதுவும் மங்கலா." ஊரே சிரித்தது. பல்லுக்காரருக்குச் சுருக்கென்றது. "கப்பலுக்கும் லிஃப்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுக்கு அக்காவைக் கட்டிக்குடுத்தது எங்க வீட்டுத் தப்பு" என்று பதில் எழுதினார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அக்கா பிரசவ வார்டில் நர்ஸ். கத்துகிறவர்களைக் கண்டு அசருகிற ஆள் இல்லை. குழுவில் அவர் இல்லை, யாரோ அந்த ஒரு வரியை மட்டும் காட்டியிருந்தார்கள். போனில் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்: "அவரைச் சொன்னது இருக்கட்டும். என்னைக் கட்டிக்குடுத்ததே தப்புன்னு ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கே. ரெண்டு பேரும் பேசித் தீர்த்துட்டு ஒரே வண்டில வந்து இறங்குங்க. அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதே."

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பட்டறையிலேயே பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டார். எதிரே அலமாரியில் வரிசையாக அச்சில் வார்த்த வாய்கள், ஒன்றுகூடப் பேசாது. அவருக்குத் துக்கமாக இருந்தது. அக்கா வீட்டை விட்டால் அவருக்குப் போக இடமில்லை. மாமாவிடம் மன்னிப்புக் கேட்க அவருக்குக் கசக்கவில்லை. ஆனால் கேட்டால் விளக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டதாகுமே! இரண்டு கண்ணாலும் பார்த்ததை எப்படி இல்லை என்று சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் குழுவில் ஒரு பழைய பொருள் வியாபாரி ஒரு செய்தி போட்டார். வெண்நாரையின் ஒரு வாரப் பகுதி, அன்றைக்கு டிவி நிலையத்துக்கு அனுப்பிய அசல் ஃபிலிம் சுருளாகவே அவருக்குக் கிடைத்திருந்தது. யாரும் கைவைக்காதது, துடைக்காதது. ஒரு ஹாலை வாடகைக்குப் பிடித்து எல்லோருக்கும் போட்டுக்காட்டப் போகிறார்களாம்.

பல்லுக்காரர் துள்ளிக் குதிக்காத குறைதான். விளக்கு திரையில் எரியும், மாமா வாயடைத்துப் போவார், தான் பெருந்தன்மையாக மன்னித்துவிடலாம், அப்படியே அக்கா வீடு. மாமாவுக்கென்று ஒரு சட்டைகூட வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஜெயிப்பதற்கு முன்பே சமாதானத்துக்குச் சட்டை எடுத்த ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஹாலில் முன்வரிசையில் உட்கார்ந்தார். மாமாவும் வந்திருந்தார், கடைசி வரிசையில். படம் ஓடியது. கீறலும் பொட்டும் பொரியுமாக, நிஜமாகவே யாரும் துடைக்காத படம். கடைசியில் வெண்நாரை வந்து நின்றது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

விளக்கு இல்லை.

அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். அவர் நிழல் கப்பல்மேல் விழுந்தது. "யோவ், தலை மறைக்குது!" என்று யாரோ கத்தினார்கள். கப்பலின் வயிறு முட்டை மாதிரி சுத்தமாக இருந்தது. "பல்பு ஃபியூஸ் போச்சு போல" என்று ஒரு குரல் வர, எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசை மட்டும் சிரிக்கவில்லை.

வாசலில் மாமா வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். பல்லுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா, விளக்கு இல்லை."

"ம்."

"நான் பொய் சொல்லலை மாமா. பார்த்தேன். சத்தியமாப் பார்த்தேன். அப்போ என்னத்தைப் பார்த்தேன்னுதான் தெரியலை."

"நீ பொய் சொல்ற ஆளா? அந்தச் சாமர்த்தியம் இருந்தா நீ ஏன் இப்படி இருக்கே?"

"அன்னிக்கு நான் எழுதினது..."

"நானும்தான் எழுதினேன். ஏறு, பசிக்குது. உன்னால எனக்கும் ஞாயித்துக்கிழமை ஒழுங்காச் சோறு விழலை."

இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். கதவைத் திறந்த அக்கா மேலும் கீழும் பார்த்தார். "கப்பல் கரை சேர்ந்துச்சா?" என்றார். பல்லுக்காரர் நடந்ததைச் சொன்னார். ஒளிக்காமல், 'பல்பு ஃபியூஸ்' வரைக்கும் சொன்னார்.

அக்கா தட்டு வைத்துக்கொண்டே கேட்டார். "எந்த விளக்குடா? கடைசியில கப்பல் நிக்கும்போது, வயித்துக்கு அடியில மினுங்குமே, அதுவா?"

தம்பி நிமிர்ந்தார்.

"அடியே, இப்பதான் பார்த்துட்டு வர்றோம். அப்படி ஒண்ணு இல்லவே இல்லை" என்றார் மாமா.

"படத்துல இல்லைன்னா என்ன, எங்க வீட்டுல இருந்துச்சு. கப்பலுக்கு மட்டுமா? செய்தி வாசிக்கிற அம்மாவோட தாடையிலயும் இருந்துச்சு. பந்து விளையாட்டுப் போட்டா மைதானத்துல ரெண்டு பந்து தெரியும். டிவி கண்ணாடில ஒரு சில்லு பேந்திருந்துச்சுடா. அதனாலதான் அப்பாவுக்கு அது மலிவாக் கிடைச்சுது. ஜன்னல் வெளிச்சம் பட்டா மினுங்கும். மறந்துட்டியா?"

மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருகிக்கொண்டு, "இப்போ தெரியுதா? இப்போ?" என்று அப்பா கத்துவதும், "தெரியுது, தெரியுது!" என்று கீழிருந்து அக்காவும் தானும் கத்துவதும் பல்லுக்காரர் காதில் கேட்டன. சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. நடுவில் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மாமா உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் வெண்நாரை. பழைய கப்பல், முழங்கை நீளத்துக்கு, வெள்ளையாக. சண்டை போட்ட மறுவாரமே துண்டுகளை வரவழைத்து ஒட்ட ஆரம்பித்தாராம். எப்படிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லையாம்.

"அளவெல்லாம் படத்துல இருக்கற மாதிரியே. ஒரு நூல் பிசகலை" என்றவர், டிரில்லை எடுத்துவந்து கப்பலைக் கவிழ்த்துப் பிடித்தார். "எந்த இடம்? சொல்லு."

"மாமா, வேண்டாம். அசல்ல இல்லையே."

"உங்க வீட்டுல இருந்துச்சுல்ல? இடத்தைக் காட்டு."

தம்பி விரல் நீட்டினார். அதே நேரம் அக்காவும் நீட்டினார். வயிற்றுக்கு அடியில், கொஞ்சம் பின்னால் தள்ளி, இரண்டு விரலும் ஒரே இடத்தில் இடித்துக்கொண்டன.

புதுச் சட்டை மாமாவுக்குக் கொஞ்சம் இறுக்கம். புதுக் கப்பல்தான் உசத்தி என்று அதைப் போட்டுக்கொண்டே வாதாடினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பல்லுக்காரர் சட்டைப் பையில் ஒரு பீங்கான் துணுக்கைக் கொண்டுவந்தார், மிளகு அளவுதான் இருக்கும், முன்பல் வெள்ளையில், உலையில் சுட்டு மெருகு போட்டது. மாமா போட்ட துளையில் வைத்து அழுத்தினார், கச்சிதமாக உட்கார்ந்தது. யார் வீட்டுக்குப் போகிறது என்று தெரிந்து அவர் செய்த முதல் பல் அதுதான்.