கொத்தமல்லி விதைக்குள் ஒரு பூ

ஒரகடத்தில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் எனக்கு எட்டு வருட வேலை. அங்கே பூ, பவுடர், தலைக்கு எண்ணெய் எதற்கும் அனுமதி இல்லை. துளி பட்டாலும் பெயிண்டில் குழி விழும். வாசனை இல்லாமலே வாழப் பழகியவள் நான். அதனால்தான் போன வருடம் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பின் மூக்கு செத்துப்போனது ஒரு மாதம் வரை எனக்கே தெரியவில்லை.

ஒருநாள் அடுப்புக்கு முதுகு காட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து கணவர் ஓடிவந்தார்.

"இன்னாம்மா, பால் தீஞ்சு வூடே நாறுது, உனக்குத் தெரியல?"

மருத்துவர் இதை அனோஸ்மியா (முகரும் திறன் இழப்பு) என்றார். "நரம்பு திரும்ப வளரலாம், மாசக்கணக்காகும். தினம் ரெண்டு வேளை நாலு வாசனைய மோந்து பழகுங்க. உறுதி மட்டும் தர முடியாதும்மா."

பெயிண்டில் கலக்கும் தின்னர் கசிந்தால் வாடை தெரியாதவளை அந்தப் பக்கம் விடக்கூடாது என்று சூப்பர்வைசர் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார். நியாயம்தான். இருந்தும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

கனடாவிலுள்ள என் தம்பிக்கு முகர்வதுதான் பிழைப்பு. அங்கே சட்டப்படி நடக்கும் கஞ்சாப் பண்ணையில், பூ மணம் தூக்கலான செடிகளைப் பொறுக்கி, இனம் சேர்த்துப் புது ரகம் உண்டாக்குகிறார்கள். ஊரில் 'பூந்தோட்டம்' என்று சொல்லிவைத்திருக்கிறோம்.

"படிச்ச படிப்புக்குக் கஞ்சா மோந்துகினு கீற. எனக்கும் ஒரு செடி அனுப்பு," என்றேன் போனில்.

"ஜெயில்ல போய் மோப்பியாக்கா? அந்தப் பூ வாசனைக்குக் காரணம் லினலூல் (பல பூக்களில் உள்ள மணப்பொருள்). நம்ம கொத்தமல்லி விதையிலயே அது கீது. நசுக்கி மோந்து பாரு, பேர வாய்விட்டுச் சொல்லு. நாங்க அப்டித்தான் பழகுனோம்."

மருத்துவரும் சரி என்றார். கிராம்பு, எலுமிச்சைத் தோல், நீலகிரித் தைலம், கொத்தமல்லி விதை. நான் பேர் சொல்லச் சொல்ல, மந்திரம் ஓதுகிறேன் என்று கணவர் கேலி செய்தார்.

மூன்று மாதம் வெறும் காற்று. நான்காம் மாதம் காபி டயர் எரிவதுபோல் நாறியது. பரோஸ்மியா (வாசனை பிறழ்ந்து தெரிவது), நல்ல அறிகுறி என்றார் மருத்துவர். நாற்றத்துக்குச் சந்தோஷப்பட்டது அன்றுதான். இப்போது இதே கட்டத்தில் இருப்பவர்களே, விதையை நசுக்குவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ஏழாம் மாதம் ஒரு ஞாயிறு, ரசத்துக்கு விதையை நசுக்கினேன். பேரைச் சொல்லும் முன்பே வந்துவிட்டது, மசாலாவாக அல்ல, பூவாக. அம்மிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

போன வாரம், மூக்கு சரியாகிவிட்டது என்று மருத்துவர் சான்று கொடுத்தார். சூப்பர்வைசர் கேட்டார்: "திங்கக்கிழமை பெயிண்டுக்கு வந்துடுறியாம்மா?"

பேக்கிங்கில் பூவுக்குத் தடையில்லை. அன்று என் தலையில் இரண்டு முழம் மல்லிகை இருந்தது.

"இந்த மல்லி சீசன் முடியட்டும் சார்," என்றேன்.