திருகாணித் தலையில் ஒரு புள்ளி

புள்ளி வைக்கும்போது எக்ஸ்ரே அக்கா மூச்சு விடமாட்டாள். வலது கண்ணைச் சுருக்கி, நாக்கு நுனியைக் கடைவாயில் கடித்துக்கொண்டு, நெயில் பாலிஷ் பிரஷ்ஷில் ஒட்டியதையெல்லாம் பாட்டில் வாயிலேயே வழித்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒரு துளியை, விற்கப்போகும் கேமரா லென்ஸின் பின்பக்க வளையத்தில் உள்ள குட்டித் திருகாணியின் தலையில் வைப்பாள். பாதி திருகாணியின் மேல், பாதி வளையத்தின் மேல். யாராவது திருகாணியைக் கழற்றினால் புள்ளி உடைந்துவிடும். லென்ஸையே மாற்றிவிட்டால் புள்ளியே இருக்காது. வைத்து முடித்த பிறகுதான் மூச்சு வெளியே வரும். "இப்ப மாத்துடா பாப்போம்" என்று, இன்னும் யாரென்றே தெரியாத ஒருவனுக்குச் சவால் விடுவாள்.

அந்த நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது. வெளியூரில் வேலை கிடைத்துப் போன மகள் விட்டுச் சென்ற இரண்டு பாட்டில்களைக் கலந்து அக்காவே தயாரித்தது. கத்திரிக்காய் நிறமும் இல்லை, செங்கல் நிறமும் இல்லை. "கடையில கிடைக்கிற கலர்னா அவனும் வாங்கி ஒரு புள்ளி வச்சுட மாட்டானா?" என்று கேட்பாள்.

பெயர் வைத்தது ஆஸ்பத்திரி. அக்கா அங்கே எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுங்க, அப்படியே புடிங்க, ஆடாதீங்க, ம்… விடுங்க" என்று நாள் முழுக்க அடுத்தவர் மூச்சுக்கு உத்தரவு போடுகிற வேலை. கை வீங்கி வருகிறவரிடம்கூட, படம் எடுப்பதற்கு முன், "நிஜமாவே விழுந்தீங்களா, இல்ல லீவு வேணுமா?" என்று கேட்டுவிடுவாள். முறிந்த எலும்பு படத்தில் தெரிந்த பிறகுதான் குரலில் ஈரம் வரும். "அடப்பாவமே, ரொம்ப வலிக்குமே" என்பாள். இரக்கப்படுவதற்குக்கூட அக்காவுக்கு ஆதாரம் வேண்டும்.

வேலை நேரம் போக, பழைய கேமரா, லென்ஸ், ஃப்ளாஷ், ஸ்டாண்டு என்று ஆன்லைனில் விற்றுத் தருகிறாள். ஆரம்பித்தது வீட்டுக்காரரின் சாமான்களை வைத்துத்தான். அவர் கல்யாணங்களுக்குப் படம் எடுத்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் போட்டோக்காரர். போன வருடம் ஒரு நாள், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், "எல்லாரும் போன்லயே எடுத்துக்கறாங்க, இனிமே நம்மள யாரு கூப்பிடப் போறா? வித்துடலாம்" என்றார். முதல் கேமராவை அவரே விற்றார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவன் வீட்டுக்கே வந்தான். பணம் அனுப்பிவிட்டதாகத் தன் போனில் ஒரு செய்தியைக் காட்டினான். கேமராவோடு போனான். பணம் இன்றுவரை வந்துகொண்டே இருக்கிறது.

கேமரா போனதுகூட அக்காவுக்கு ஆறிவிட்டது. ஆறாதது வேறு. "வெயில்ல வந்திருக்கானேன்னு ஜூஸ் போட்டுக் குடுத்திருக்காருங்க இவரு! நம்ம தலையில மொளகா அரைக்க வந்தவனுக்கு ஜூஸு! போதாதுன்னு நல்ல பையா பாத்து வேற போட்டுக் குடுத்திருக்காரு!" இதை அவள் சொல்லும்போது போட்டோக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அன்றோடு விற்பனை அக்காவின் கைக்கு மாறியது. அவள் விற்ற ஒரு பொருளும் திரும்பி வந்ததில்லை என்ற பேச்சு பரவி, மற்ற போட்டோக்காரர்களும் தங்கள் சாமான்களைக் கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சை அக்கா நகை போலக் காப்பாற்றிவந்தாள்.

வீட்டு முகவரி யாருக்கும் கிடையாது. நேரில் வாங்குகிறவர்கள் ஆஸ்பத்திரி மருந்துக் கடை வாசலுக்கு வர வேண்டும். அங்கே கண்காணிப்புக் கேமரா இருக்கிறது, வரிசையில் நிற்கும் சனம் இருக்கிறது, அதுவும் போதாதென்று வாசல் காவலாளி இருக்கிறார். "நீங்க எதுவும் பேச வேணாண்ணே. கொஞ்சம் முறைச்ச மாதிரி நில்லுங்க, போதும்" என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். பிறவியிலேயே சிரித்த முகம் அவருக்கு. அக்காவுக்காக அவர் புருவத்தை நெரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், பல்வலிக்காரர் யாரோ வரிசையில் நிற்கிறார் என்றுதான் தோன்றும். பணம் அனுப்பிய செய்தியைக் காட்டினால் அக்கா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். "உங்க போன் என்ன வேணா சொல்லும். என் கணக்கு சொல்லட்டும்." அது சொல்லும்வரை லென்ஸ் பை அவள் கக்கத்தை விட்டு இறங்காது.

பேரம் பேசுகிறவர்களை அக்காவுக்குப் பிடிக்கும். "கடைசியா என்ன விலை?" என்று ஆரம்பித்து, பாதி விலைக்குக் கேட்டு, சண்டை போட்டு, போனை வைத்துவிட்டு, மறுபடி கூப்பிடுகிறவன் நிஜமாகவே வாங்கப்போகிறவன். "சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன் மேடம்" என்று ஒருவன் சொன்னால் போதும், அக்காவுக்கு மூக்கில் வியர்த்துவிடும். "பேரம் பேசலன்னா அவன் காசு குடுக்கப் போறதில்ல. குடுக்காத காசு எவ்வளவா இருந்தா அவனுக்கு என்ன?"

லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வாங்கிய சின்ன டார்ச் இப்போது அவள் கைப்பையில் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. கடையில் முட்டைக்கு அடித்துப் பார்க்கிறாள், மீதி வாங்கிய நோட்டுக்கு அடித்துப் பார்க்கிறாள். மகள் அலுவலகத்தில் எடுத்த படம் அனுப்பினால், விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, "உன் தோளுக்குப் பின்னாடி ஒரு கை தெரியுதே, யாரோடது?" என்று விசாரிப்பாள். "அம்மா, அது நாற்காலியோட கைம்மா!" என்று மகள் கத்துவது அடுத்த அறை வரை கேட்கும்.

இத்தனை சோதனை நடக்கிற வீட்டில் போட்டோக்காரர் மட்டும் எந்தச் சோதனைக்கும் உட்படாமல் உலவிவந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை அறையில் சுற்றிவரும் ஆசிரியரைப் போல வீட்டுக்குள் நடப்பார். காபி அரை டம்ளர் போதும் என்பார். அதையும் ஆறவிட்டு, டம்ளரைத் தூக்காமல் மேசையோடு குனிந்து குடிப்பார். பேப்பரைக் கையில் பிடிக்காமல் விரித்து வைத்துத்தான் படிப்பார். அக்கா இவற்றையெல்லாம் சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "வேலைய விட்டதும் ராஜா ஆயிட்டாரு, டம்ளர் தூக்கக்கூட ஆள் வேணும்" என்பாள். அவரும் சிரித்துக்கொள்வார்.

போட்டோக்காரரின் சாமான்களில் கடைசியாக விலைபோனது அந்தப் பெரிய லென்ஸ். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும், முழங்கை நீளத்துக்கு இருக்கும். அவருக்கு உயிர். வாங்க முன்வந்தவர் வெளியூர்ப் பள்ளி ஆசிரியர், பறவைகளைப் படம் எடுப்பவர். சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அக்கா விடுவாளா? அடையாள அட்டை கேட்டாள். அன்றைய பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு படம் அனுப்பச் சொன்னாள். பாவம், அவர் குற்றவாளியைப் போல நேராகப் பார்த்தபடி ஒன்றும், பக்கவாட்டில் ஒன்றும் அனுப்பி, கூடவே ஒரு மீன்கொத்திப் படத்தையும் இணைத்திருந்தார். "மீன்கொத்தி எதுக்கு? நான் கேட்டேனா?" என்று அக்கா அதையும் பெரிதாக்கிப் பார்த்தாள். பணம் முழுசாக வந்தது. அப்படியும் வங்கிக்கு நேரில் போய் அது நிஜப் பணம்தானா என்று கேட்டுவிட்டு வந்துதான் பார்சலைக் கட்டினாள். கட்டுவதை இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்தாள், சீரியல் நம்பரைச் சாட்சிக் கூண்டில் நிற்பவள் போல உரக்கப் படித்தாள்.

அடுத்த வாரமே ஆசிரியர் கூப்பிட்டார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. படத்துல இடது பக்கம் முழுக்கக் கலங்கலா வருது. நடுவுல சுத்தமா இருக்கு, ஓரத்துலதான்."

"நான் பூந்தொட்டிய வச்சு எடுத்து அனுப்பினேனே, நல்லாத்தானே இருந்துச்சு?"

"பூந்தொட்டி நடுவுல இருந்துச்சு மேடம்."

"எங்கயாவது போட்டுட்டீங்களா?"

"சத்தியமா இல்ல. திருப்பி அனுப்பறேன், நீங்களே பாருங்க. பணத்தப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

போனை வைத்ததும் அக்கா கொதித்தாள். "ஆரம்பிச்சுட்டான். தன்கிட்ட இருக்கற ஓட்டை லென்ஸை அனுப்பிட்டு நம்மளோடத வச்சுக்கப் போறான். அப்புறம் பேசிக்கலாமாம்! மீன்கொத்தி அனுப்பும்போதே நெனச்சேன்." அவளுக்கு ஒருபக்கம் கோபம், ஒருபக்கம் கையில் இருக்கிற துருப்புச் சீட்டை நினைத்துக் குஷி. புள்ளி இருக்கிறதே! போட்டோக்காரர் அன்று காபியே வேண்டாம் என்றுவிட்டார்.

பார்சல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. போனை மாவு டப்பாவின் மேல் சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டு, அக்கா பிரித்தாள். பெட்டி நசுங்கவில்லை. லென்ஸைக் கவிழ்த்து டார்ச் அடித்தாள். திருகாணியின் தலையில் புள்ளி இருந்தது. பாதி திருகாணியில், பாதி வளையத்தில், கத்திரிக்காயும் இல்லாத செங்கல்லும் இல்லாத அதே நிறம். ஒரு கீறல்கூட இல்லை. மாற்றவும் இல்லை, கழற்றவும் இல்லை. ஆசிரியர் சொன்னது உண்மை என்பதற்கு அக்காவே வைத்த சாட்சி அது.

அவள் முகம் தொங்கிவிட்டது. ஏமாற்றப்படவில்லை என்பதற்காக ஒரு மனுஷி இவ்வளவு வருத்தப்பட்டுப் பார்க்க முடியாது. "அப்ப இது எப்படிக் கெட்டுப்போச்சு? கூரியர்காரன்தான் எறிஞ்சிருப்பான்" என்று அடுத்த ஆளைப் பிடித்தாள். வீட்டில் மிச்சமிருந்த ஒரே கேமராவில் லென்ஸை மாட்டி, சுவரில் பேப்பரை ஒட்டி, "இந்தாங்க, ஒரு படம் எடுங்க, இடது பக்கம் என்னன்னு பாத்துடலாம்" என்று நீட்டினாள்.

"நீயே எடு."

"பூந்தொட்டியத் தவிர எனக்கு என்ன எடுக்கத் தெரியும்? புடிங்க."

கைகளைப் பின்னால் கட்டியபடியே நின்றார். பிறகு, "எடுக்க வேணாம்மா. அது விழுந்துச்சு" என்றார்.

"எப்ப? யாரு போட்டா?"

"போன வருஷம், கடைசியாப் போன கல்யாணத்துல. குரூப் போட்டோ எடுக்கும்போது."

"யாரு இடிச்சா? கூட்டத்துல எவனாவது இடிச்சிருப்பான், நீங்க பெருந்தன்மையா விட்டுட்டு வந்திருப்பீங்க."

"யாரும் இடிக்கல. கையில இருந்து தானாப் போச்சு." கையை முன்னால் கொண்டுவந்தார். மேசையில் வைத்த போன் அதிர்வதைப் போல அந்த வலது கை, தன்பாட்டுக்கு, நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. "கண்ணாடியில கீறல் எதுவும் தெரியல. நீயும் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு சுத்தமா இருக்குன்னியா, தப்பிச்சுதுன்னு நெனச்சேன். அந்த வாத்தியாரு கூப்பிட்டதும்தான்…"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"லென்ஸ் விழுந்துச்சுன்னு சொன்னா, நீ கையப் பாத்திருப்பே."

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். நாள் முழுக்க ஊராரின் கையையும் காலையும் ஊடுருவிப் பார்க்கிறவள், ஒரு வருடமாகப் பக்கத்திலேயே இருந்த இந்தக் கையைப் பார்க்கவில்லை. அரை டம்ளர் காபியும் மேசையில் விரித்த பேப்பரும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். தொழில் பழக்கத்தில், "ஆடாதீங்க" என்றாள். அது கேட்கவில்லை. மாவு டப்பாவின் மேலிருந்த போன் இன்னும் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. சற்று நேரம் கழித்துத்தான் அவள் அதை அணைத்தாள்.

அன்றே ஆசிரியருக்குப் பணம் போயிற்று, கூரியர் செலவோடு. பிறகு அக்கா கூப்பிட்டாள். "சார், தப்பு எங்க வீட்டுலதான். நான் உங்களச் சந்தேகப்பட்டுட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. பணம் அனுப்பியிருக்கேன், ஏறிடுச்சான்னு பாருங்க."

"பரவாயில்ல மேடம், நீங்க சொன்னாப் போதும். நம்பறேன்."

"நம்பாதீங்க சார்! கணக்கப் பாத்துட்டுச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்." பார்த்துச் சொல்லும்வரை அவள் வைக்கவில்லை.

மறுநாள் நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தாள். அவளுடைய ஆஸ்பத்திரியிலேயேதான். டாக்டர் எங்கே படித்தவர், முன்பு எங்கே வேலை பார்த்தவர், மாத்திரையை அள்ளி எழுதுகிறவரா என்றெல்லாம் அவள் ஏற்கெனவே விசாரித்தாகிவிட்டது. போட்டோக்காரர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மிச்சமிருந்த அந்தக் கேமராவைச் சுட்டிக்காட்டி, "இதையும் போட்டுடலாமா, விலைக்கு?" என்றார்.

"அது இருக்கட்டும்" என்றாள் அக்கா. அலமாரியிலிருந்து நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "கையக் குடுங்க."

"எதுக்கு?"

"அங்க எத்தனை பேர் வர்றாங்க, போறாங்க. நான் பாக்காதப்ப ஆள மாத்திக் குடுத்துட்டாங்கன்னா?"

அவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. அவர் வலது கையைத் தன் முழங்காலின் மேல் வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்தாள். கண்ணைச் சுருக்கினாள், நாக்கு நுனியைக் கடித்தாள், பிரஷ்ஷைப் பாட்டில் வாயில் வழித்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நடுங்கும் பெருவிரலில் ஒரு புள்ளி வைத்தாள். பாதி நகத்தின் மேல், பாதி சதையின் மேல். காயும்வரை அந்தக் கையை விடவில்லை.