அம்மாவுக்குக் காட்ட ஒரு முகம்

என் முகத்தை நான் வரைவதில்லை. படம் எடுத்து அதன்மேல் சாயம் பூசுகிறேன். புந்தோங்கில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்னறை, காலை ஒன்பது மணி வெளிச்சம், எப்போதும் அதே பிளாஸ்டிக் நாற்காலி. படத்தைத் துணியில் பெரிதாக அச்சடித்து வாங்கி வருவேன். கண், சட்டை, பின்னாலிருக்கும் சுவர் எல்லாம் கேமரா பிடித்தபடியே இருக்கும். தோலை மட்டும் தூரிகையால் மூடுவேன். கண்காட்சிக்கு வருகிறவர்கள், “இது பெயிண்டிங்கா, போட்டோவா?” என்று கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு பொம்பளை என்று சொல்ல வாய் வரும். அடக்கிக்கொள்வேன்.

முப்பத்தெட்டு வயதில் உதட்டோரம் மிளகு அளவுக்கு ஒரு வெண்புள்ளி வந்தது. பிறகு கன்னம், நெற்றி, கழுத்து. இது ஒட்டாது, வலிக்காது, ஆளைக் கொல்லாது என்றார் டாக்டர். போகுமா என்று கேட்டேன். ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். சின்ன வயதில் சொந்தக்காரர்கள் என்னை, “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்பார்கள். அந்த ‘இருந்தாலும்’ எனக்கு எரியும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அம்மா ஒருத்திதான் அந்தச் சொல்லைப் போடாமல் என்னை அழகி என்றவள். பாதி ஊர் கிரீம் தேய்த்துத் தேடுகிற வெள்ளை எனக்குச் சும்மாவே வந்து சேர்ந்தது.

புள்ளிகளை மூட, பக்கத்துத் தோலைப் பார்த்துத்தான் நிறம் கலப்பேன். படத்துக்குப் படம் அந்தத் தோல் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில் காதுக்குப் பின்னால் கட்டைவிரல் அகலம் மிஞ்சியிருந்தது. போன வருடம் அதுவும் போயிற்று. முடியும் புருவமும்கூட வெளுத்துவிட்டன. இப்போது எனக்கு ஐம்பத்தொன்று.

அம்மா குனோங் ராபாட்டில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். எழுபத்தெட்டு வயது. ஞாபகம் குலைந்து நாலு வருடம் ஆகிறது. அண்ணியைத் தெரியும், எதிர்வீட்டு நாயைக்கூடத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மோட்டாரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனேன். சோபாவில் இருந்த அம்மா விருட்டென்று எழுந்தாள். மூட்டுவலிக்காரி, அண்ணி கை கொடுத்தால்தான் எழுவாள். கைலியைச் சரிசெய்துகொண்டு, தலை குனிந்து கும்பிட்டாள்.

“சலாம் தொரசானியம்மா.”

தாப்பா ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரையின் பங்களாவைக் கூட்டித் துடைத்தவள் அம்மா. அப்போது அவளுக்குப் பதினாலு வயது. துரையின் பெண்சாதியைத்தான் துரைசானி என்பார்கள்.

“அம்மா, நான்தாம்மா. ஒம் மவ.”

அம்மா அண்ணி பக்கம் திரும்பினாள். “பாரு, எவ்வளவு சுத்தமா நம்ம பேச்சு பேசுறாங்க!”

அண்ணி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அடுத்த ஞாயிறும் அதே சலாம். அதற்கடுத்த ஞாயிறும். நான் இருக்கும்வரை அம்மா உட்காரமாட்டாள். கெஞ்சியும் பார்த்தேன், அதட்டியும் பார்த்தேன். அரை மணி நேரத்தில் அவளுக்குக் கால் நடுங்க ஆரம்பிக்கும். அவளை உட்காரவைக்க ஒரே வழி நான் கிளம்புவதுதான். “விடு லா, அவுங்க சந்தோசமாத்தான் இருக்காங்க” என்றாள் அண்ணி. என்னால் விட முடியவில்லை. சாவதற்குள் ஒரே ஒரு தடவை அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

ஒருமுறை முகம் முழுக்க கருமாநிற மேக்கப் பூசிக்கொண்டு போனேன். அம்மா பயந்து பயந்து பக்கத்தில் வந்தாள். தோளில் கிடந்த துண்டின் நுனியால் என் கன்னத்தைத் துடைத்தாள். “மண்ணு ஒட்டியிருக்கும்மா” என்றாள். துடைக்கத் துடைக்க வெள்ளை வெளியே வந்தது. நான் வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதேன்.

பிறகுதான் என் வேலையை நம்பினேன். புதிதாகப் படம் எடுத்து அச்சடித்தேன். ஆனால் என் நிறத்தைப் பார்த்துக் கலக்க என் உடம்பில் இடமில்லையே. சாயத்தட்டை எடுத்துக்கொண்டு அம்மாவிடமே போனேன். “கையக் காட்டும்மா” என்றேன். இரண்டு கையையும் நீட்டி, “சோப்பு போட்டுக் கழுவிட்டேன்மா” என்றாள். அந்த முழங்கைக்குப் பக்கத்தில் தட்டை வைத்து, காவியையும் மஞ்சளையும் கலந்தேன். துளி நீலம் சேர்க்காவிட்டால் எங்கள் கறுப்பு வராது. அது சரியாக வந்து சேர மூன்று ஞாயிறு ஆயிற்று. மூன்று ஞாயிறும் அம்மா நின்றுகொண்டே கையை நீட்டியிருந்தாள். அந்த ஒரு படத்தில் மட்டும் என் வழக்கத்தை மீறி முடியையும் புருவத்தையும் கறுப்பாக்கினேன்.

படத்தைக் கொண்டுபோய் சோபாவுக்கு எதிரே சாய்த்து வைத்தேன். அம்மா நின்றபடியே பார்த்தாள். கிட்டே போய்க் கன்னத்தைத் தடவினாள்.

என் பேரைச் சொன்னாள். முழுப் பேர் இல்லை, வீட்டில் கூப்பிடுகிற பேர். அதைக் கேட்டு நாலு வருடம் ஆகியிருந்தது.

“என்னம்மா?” என்றேன். என்னை அறியாமல் குரல் வந்துவிட்டது.

அம்மா திரும்பினாள். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். அண்ணி காதில் விழக்கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள்.

“தொரசானியம்மா, இது எம் மவ. பெரிய படிப்பெல்லாம் படிச்சவ. என்னப் பாக்க வர்றதே இல்ல. நீங்க எங்கயாச்சும் பாத்தா, ஒரு தடவ வந்துட்டுப் போவச் சொல்லுங்கம்மா.”

“சொல்றேன்” என்றேன்.

படம் இப்போதும் அங்கேதான் இருக்கிறது. காலையில் என்ன சாப்பிட்டாள், யார் வந்து போனார்கள் என்று அம்மா அதனிடம் உட்கார்ந்து பேசுகிறாளாம். நான் போனால் எழுந்துவிடுகிறாள். “சொன்னீங்களாம்மா?” என்று கேட்கிறாள். போன ஞாயிறு எனக்குக் கோபம் வந்துவிட்டது. “சொன்னேன். பெத்தவளப் பாக்க வராத அவ என்ன மனுசி!” என்று கத்தினேன்.

அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அவள ஏசாதீங்கம்மா,” என்றாள். “அவ நல்ல புள்ள.”