தராசு எண்ணிக்கை தவறிய நாள்

என் மனைவியை அவள் வேலை பார்க்கும் பாரில் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். அளவுக் கிண்ணம் இல்லாமல் ஒரு சொட்டு ஊற்றமாட்டாள். வீட்டிலும் இதே கதைதான். நான் இரண்டாவது டம்ளர் காப்பி கேட்டால், என் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் தருவாள். நான் பஸ் ஓட்டுகிறவன். அவள் ஊற்றிக்கொடுத்த யாரோ ஒருவன் என்றைக்காவது என் பஸ்ஸுக்கு எதிரே வந்து நிற்பான் என்று அவளுக்கு ஒரு பயம். அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வேன். அவள் சிரிக்கமாட்டாள்.

பதினோரு வருடமாக இந்த வேலை. வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, போட்டோ ஒட்டிய லைசென்ஸ் வாங்கியவள். நிதானம் தப்பியவருக்கு மேலும் ஊற்றினால் வழக்கு முதலாளி மேல் மட்டுமல்ல, ஊற்றியவர் மேலும் பாயும். அதனால் அந்த பாரில் ஒரு பழக்கம் உண்டு. கிளாஸுக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டையின் பின்பக்கம், ஒவ்வொரு பெக்குக்கும் பென்சிலால் ஒரு கோடு போடுவார்கள். நாலு கோடு விழுந்தால் தண்ணீர் வரும், சாப்பாடு வரும், ஐந்தாவது பெக் மட்டும் வராது. ஆள் இடம் மாறினால் அட்டையும் கூடவே போக வேண்டும்.

கோடு போக அவளுக்குக் காதும் ஒரு கணக்குச் சொல்லும். போதை ஏறினால் சிலருக்குக் குரல் ஏறும், சிலருக்கு அழுகை வரும். அங்கே அடிக்கடி வரும் பல் டாக்டர் ஒருவருக்கு மரியாதை ஏறும். வந்ததும் "என்னம்மா, ஒண்ணு ஊத்து" என்பார். மூன்றாவதுக்கு "ஊத்துங்க" ஆகிவிடும். நாலைத் தொட்டால் நாற்காலியில் இடித்துக்கொண்டு நாற்காலியிடமே "மன்னிச்சுக்குங்க" என்பார். கை நடுங்காது, நடை தடுமாறாது. அந்த 'ங்க' ஒன்றுதான் அவரைக் காட்டிக்கொடுக்கும்.

அன்று சனிக்கிழமை மதியம். மூன்று மணிக்கு அவளைக் கூட்டிப்போகலாம் என்று வந்து, ஓரமாக உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தேன். ஏதோ கம்பெனிக்காரர்களின் விருந்து. பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. இவள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. துடைத்த கவுன்டரையே திரும்பத் துடைத்தாள், எட்டி எட்டி மேஜைகளைப் பார்த்தாள்.

"ஏன் இப்படிப் பறக்கறே?"

"ஸ்டாக் எடுக்க ஒரு மணி நேரம் உள்ளே போயிட்டேன். யார் எவ்வளவு குடிச்சாங்கன்னு ஒண்ணும் பிடிபடலை. மனசே சரியில்லைங்க."

"மீசை பார்த்துக்கிட்டான்ல?" மீசை என்பது அவளோடு வேலை செய்பவன்.

"பார்த்தான். இப்ப சாப்பிடப் போயிட்டான்."

அப்போதுதான் பல் டாக்டர் காலி கிளாஸோடு கவுன்டருக்கு வந்து உட்கார்ந்தார். இரைச்சலில் வாயைத் திறக்காமல் ஒரு விரலைக் காட்டினார். இவள் புது அட்டை எடுத்து வைத்து, ஊற்றி, ஒரு கோடு போட்டாள். அரை மணி கழித்து மறுபடி ஒரு விரல். இரண்டாவது கோடு.

மூன்று மணிக்குச் சற்று முன் அவர் எழுந்தார். கவுன்டர் மேல் குனிந்து, "போயிட்டு வர்றேங்க. உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு கொடுத்துட்டேங்க" என்றார்.

அவர் கதவைத் தாண்டும்வரை இவள் சும்மாதான் நின்றாள். பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டுக்கு எப்படி இவ்வளவு 'ங்க' வரும்?"

அவர் வழக்கமாக உட்காரும் ஜன்னலோர மேஜைக்கு ஓடினாள். அங்கே ஒரு அட்டை கிடந்தது. புரட்டினாள். மீசை போட்ட நாலு கோடு. டாக்டர் கிளாஸை மட்டும் எடுத்துக்கொண்டு அட்டையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று இவளும் கேட்கவில்லை.

"மொத்தம் ஆறு பெக்குங்க! கார்ல வந்திருக்கார்!"

"அவர்தான் வெளியே போயிட்டாரே, இனிமே உனக்கென்ன?" என்றேன். தினமும் ரோட்டில் பிழைக்கிறவன் கேட்கிற கேள்வியா அது? இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"ஊத்தினது நான்தானே!" என்று கத்திக்கொண்டே படியில் இறங்கிவிட்டாள்.

நான் கீழே போனபோது டாக்டரின் வெள்ளைக் கார் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. இவள் அதன் பின்னால் போய் நின்று, டிக்கியில் இரண்டு கையாலும் அறைந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு சாண் இடைவெளியில் கார் நின்றது.

டாக்டர் கண்ணாடியை இறக்கினார். "என்னங்க இது? விழுந்திருப்பீங்களே!"

"இறங்குங்க சார். ஆறு பெக் உள்ளே போயிருக்கு."

"ஆறா? இருக்காதுங்க. நாலுக்கு மேல நீங்கதான் தரமாட்டீங்களே."

"தந்துட்டேன் சார். தப்பு என்மேலதான். சாவியைக் குடுங்க, டாக்சி கூப்பிடறேன்."

அவர் கோபப்படவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் குழந்தை மாதிரி குழம்பிப்போய்க் கேட்டார்.

"நீங்க எண்ணறீங்கன்னுதானேங்க நான் எண்ணறதே இல்லை?"

அவர் சாவியை அவள் கையில் வைத்தார். இவள் டாக்சி கூப்பிட்டு அவரை ஏற்றி அனுப்பினாள்.

மேலே போய் நடந்ததை மேனேஜரிடம் அப்படியே சொன்னாள். "ஒண்ணும் ஆகலையே, விடும்மா, எழுதாதே" என்றார் அவர். இவள் கேட்காமல், பாரில் நடக்கும் தவறுகளைப் பதியும் நிகழ்வுப் புத்தகத்தில் தன் பெயரையே போட்டு எழுதிக் கையெழுத்திட்டாள். லைசென்ஸுக்கு என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எங்கள் காரில் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். சிக்னலில் நின்றபோதுதான் கேட்டாள்.

"இந்த மாதிரி என்னை நம்பி எண்ணாம இருக்கறவங்க இன்னும் எத்தனை பேருங்க இருப்பாங்க?"

முன்னாலும் பின்னாலும் வண்டிகள் நின்றிருந்தன. ஒவ்வொரு ஸ்டியரிங்குக்குப் பின்னாலும் இருந்த முகத்தை எண்ண ஆரம்பித்தேன்.