கொம்பனிப் பிஸ்டலும் அத்தானின் ஆலோசனைகளும்

மாதம் தவறாமல் யாராவது ஒருவர் போன் எடுத்து என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்.

"அக்கா, ஆர்மர்ட் ட்ரக் வேலைக்குச் சுடுற ரெஸ்ட் இருக்காமே. பழகிறதுக்கு எந்தப் பிஸ்டல் திறம்?"

எனக்குப் பத்திக்கொண்டு வரும். பேசாமல் போனை வைத்துவிடலாமா என்று தோன்றும். ஆனாலும் வைப்பதில்லை. ஏனென்றால் இதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு நானும் ரொறொன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலிருந்து ஒஷாவா வரைக்கும் அலைந்தவள். இனிக் கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. வேலை கிடைத்த கதை

வங்கிகளுக்கும் கடைகளுக்கும் காசு ஏற்றி இறக்குகிற இரும்பு வண்டியில் வேலை. இந்த நாட்டில் சாதாரண செக்யூரிட்டிக்காரர் துவக்கு வைத்திருக்க முடியாது. இந்த வண்டியில் போகிறவர்கள் வைத்திருக்கலாம். அதற்கு லைசன்ஸ் வேண்டும், கொம்பனியின் பயிற்சி வேண்டும், கடைசியில் சுடும் சோதனையில் பாஸ் பண்ண வேண்டும். சோதனைக்கு இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் வேலை இல்லை.

வேலைக் கடிதம் வந்ததும் தொழிற்சாலையில் பெட்டிகளில் சாமான் அடுக்குகிற பக்கிங் வேலையை விட்டுவிட்டேன். சுப்பர்வைசர் அடுத்த கிழமையே என் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார். அஜக்ஸில் வீடு வாங்கிய புதுசு. என் மனுசனுக்கு இடுப்பில் ஒப்பரேஷன், அவர் வேலையில்லாமல் வீட்டில். என் சம்பளம் ஒன்றுதான். சோதனையில் தவறினால் என்ன செய்வது என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

அக்காவுக்கு விசயத்தைச் சொன்னேன். அவள் வோபர்னில் இருக்கிறாள்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த ஆக்களடி நாங்கள். இஞ்ச வந்து நீ சம்பளத்துக்குத் துவக்குத் தூக்கப் போறியோ?" என்றாள்.

போனை அத்தானிடம் கொடுத்துவிட்டாள். வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

2. அத்தானின் மூளை

அக்காவைக் கட்டிய ரகு அத்தான் நல்ல மனுசன். எவருக்கும் உதவிக்கு முதல் ஆளாக நிற்பார். தெரியாது என்ற ஒரு சொல் மட்டும் அவர் வாயில் வராது. வீட்டுக் கடனா, பல் வைத்தியமா, காருக்குப் பனிக்கால ரயரா, எல்லாவற்றுக்கும் அவருக்கு ஒரு தெரிஞ்ச ஆள் இருப்பார்.

"பவா, இது ட்ரைவிங் ரெஸ்ட் மாதிரித்தான். நீ எப்பிடி லைசன்ஸ் எடுத்தனீ?"

எப்படி எடுத்தேன் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ரொறொன்ரோவில் ரோட் ரெஸ்ட் எடுத்தால் பெயில் விடுவான் என்று சொல்லி, இரண்டு மணித்தியாலம் ஓடி, ஒரேயொரு சிக்னல் லைட் இருக்கிற ஊரில் போய் எடுப்போம். ட்ரைவிங் பழக்குகிற மாஸ்டருடைய சின்னக் காரில், அவர் பத்துத் தரம் ஓட்டிக் காட்டிய அதே தெருக்களில் ஓடி, பாஸ். அடுத்த நாள் 401 ஹைவேயில் ஏறியதும் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவோம். அது வேறு கதை.

"அதே வேலைதான். லேசான துவக்காப் பாத்து எடுத்து, அதில பழகிப் பாஸ் பண்ணு" என்றார் அத்தான்.

கேட்க எவ்வளவு சுகமாக இருந்தது! அமெரிக்காக்காரன் ஒருவன் சுடுகிற வீடியோக்களாக அனுப்பித் தள்ளினார். ஒரு சனிக்கிழமை, பிஸ்டல் வாங்குவதற்கென்று என்னைத் துவக்குக் கடைக்கே கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். கைத்துப்பாக்கி வாங்க விற்கத் தடை வந்துவிட்டது, செய்தி பார்ப்பதில்லையா என்று கேட்டார்.

"அப்ப வேற வழி பாப்பம்" என்றார் அத்தான், காருக்குத் திரும்பி வரும்போது. கொஞ்சமாவது வெட்கப்பட்டாரா என்றால், அதுவும் இல்லை.

3. கார்த்திக்கின் பிஸ்டல்

வேறு வழி என்பது கார்த்திக். சென்னைப் பக்கத்து ஐ.டி. ஆள், அத்தானுடைய வேலையிடத்தில் தெரிஞ்ச ஆள். ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு கிளப்பில் போட்டிக்குச் சுடுகிறவர். தடைக்கு முதலே வாங்கிய பிஸ்டல் வைத்திருந்தார். விருந்தாளியாகப் போனால், அவர் பக்கத்தில் நிற்க நாங்கள் சுடலாம்.

"பயப்படாதீங்க அக்கா. இது வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்றார் கார்த்திக்.

பொய்யில்லை. பாரமான இரும்பு, அதனால் கை அதிரவில்லை. குறி பார்க்க மேலே ஒரு சிவப்புப் புள்ளி. ட்ரிகரில் விரலை வைத்து நினைத்தாலே போதும், சுட்டுவிடும். அங்கே போன மூன்றாவது ஞாயிறு, குறிக் கடதாசியில் நான் சுட்ட ஓட்டைகள் எல்லாம் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின.

"செமயா சுடுறீங்க அக்கா! போட்டிக்கே வரலாம்!"

அத்தான் அந்தக் கடதாசியைப் படம் பிடித்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டார். லண்டன், பாரிஸ், கொழும்பு என்று எல்லா இடத்திலிருந்தும் கைதட்டல். என்னுடைய தலையும் கொஞ்சம் வீங்கித்தான் போனது. அக்கா மட்டும் ஒன்றும் போடவில்லை.

4. சோதனை நாள்

பயிற்சியில் அதுவரை எங்களுக்குத் தந்தது நீல நிறப் பிளாஸ்டிக் பொம்மைப் பிஸ்டல். உறையிலிருந்து எடுக்க, திரும்ப வைக்கப் பழகுவதற்கு அது. உண்மையான பிஸ்டலைச் சோதனையன்று காலையில்தான் கையில் தந்தார்கள். கொஞ்ச நேரம் சுட்டுப் பழகவிட்டு, மத்தியானம் சோதனை.

கையில் வாங்கியதுமே வித்தியாசம் தெரிந்தது. சிவப்புப் புள்ளி கிடையாது. பிடி தடித்தது. என் விரல் ட்ரிகரைத் தொடுவதற்கே எட்டிப் போகவேண்டியிருந்தது. அமத்தினால் அசையாது. இன்னும் அமத்தினால் முழுக் கையும் சேர்ந்து இழுபடும். அப்போதுதான் "டும்" என்று வெடிக்கும். குண்டு எல்லாம் கீழே, இடது பக்கம். நேரக் கணக்கு வேறு. மணி அடித்ததும் உறையிலிருந்து எடுத்துச் சுடவேண்டும். கார்த்திக்கின் கிளப்பில் நான் ஆறுதலாக மூச்சு விட்டு, புள்ளி பார்த்து, வெண்ணெய் வெட்டிக்கொண்டல்லவா நின்றேன்!

பெயில். கிட்டக்கூடப் போகவில்லை.

பயிற்சியாளர் டெரெக் முன்பு ராணுவத்தில் இருந்தவர். எண்ணி எண்ணித்தான் பேசுவார். "வெள்ளிக்கிழமை திரும்ப வா" என்றார், அவ்வளவுதான். காருக்குள் போய் இருந்து அழுதேன். விட்டுவிட்டு வந்த பக்கிங் மேசைகூட ஞாபகத்துக்கு வந்தது.

5. வாயை மூடுங்கோ

என் மனுசனுக்கு மட்டும்தான் போனில் சொன்னேன், வீட்டுக்கு வருவதற்குள் செய்தி பரவிவிட்டது. ஒருவர் பாதாம்பருப்பு சாப்பிடச் சொன்னார், கண்ணுக்கு நல்லதாம். ஒருவர் கோயிலில் அர்ச்சனை செய்யச் சொன்னார். பாரிஸ் மச்சான், சுடும்போது ஒரு கண்ணை மூடாதே என்றார். அவர் ஓட்டுவது டாக்சி.

அத்தான் நேரேயே வந்துவிட்டார்.

"உவங்கட துவக்குப் பழுது, பவா. நான் பாத்தனான்தானே நீ சுட்டதை. ஒரு கொம்ப்ளெயின் குடு. இல்லாட்டி கார்த்திக்கின்ர பிஸ்டலைக் கொண்டு போய்ச் சுடலாமோ எண்டு கேள்."

"அத்தான், தயவுசெய்து வாயை மூடுங்கோ!"

என் வாழ்நாளில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. என் மனுசன் தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றார். அத்தானின் முகம் சின்னப் பிள்ளையைப் போலச் சுருங்கியது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் போகவில்லை. அத்தானில் மட்டுமா, என்னிலும்தான். ரோட் ரெஸ்டுக்கு மாஸ்டரின் காரைக் கொண்டு போகலாம். இங்கே கொம்பனி தருகிறதைத்தான் சுட வேண்டும், வேலையிலும் அதைத்தான் இடுப்பில் கட்ட வேண்டும். எது லேசான பிஸ்டல் என்று ஊர் முழுக்கக் கேட்டோம். கொம்பனி எந்தப் பிஸ்டலைத் தரும் என்று கொம்பனியிடம் ஒருத்தரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை டெரெக்கிடம் போய் நின்றேன். இதே மொடலை எங்கே பழகலாம் என்று கேட்டேன்.

அவர் நகரத்தின் மேற்குப் பக்கத்தில், தங்கள் ஆளைப் பக்கத்தில் நிறுத்தி, வாடகைப் பிஸ்டலில் சுடவிடுகிற ஒரு சுடும் ரேஞ்சின் பெயரைச் சொன்னார். பிறகு, "கையைக் காட்டு" என்றார். காட்டினேன். பிஸ்டல் பெட்டியைத் திறந்து, பிடியின் பின்பக்கத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். பெரியது, நடுத்தரம், சின்னது. எனக்குத் தந்த பிஸ்டலில் பெரியது மாட்டியிருந்தது. எனக்கு முதல் அதைச் சுட்டவர் கதவளவு ஆள்.

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?" என்று இங்கிலிஷில் கேட்டேன்.

"நீ கேட்கவில்லையே" என்றார்.

மனுசரா இவர்கள் என்று நினைத்தேன். ஒருவருக்கு வாய் மூடாது, மற்றவருக்குத் திறக்காது. இரண்டுக்கும் நடுவில் நான்.

மிச்ச நாட்கள் மேற்குப் பக்க ரேஞ்சில் கழிந்தன. அங்கே வாடகைக்குத் தந்த பிஸ்டல் தேய்ந்து, கீறு விழுந்து, பார்க்கவே அருவருப்பு. ஆனால் அதே மொடல், அதே இறுக்கம். சின்னத் துண்டைப் போட்டதும் விரல் சரியான இடத்தில் இருந்தது. வீட்டில் கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே போத்தலைப் பிடித்துக்கொண்டு, போத்தல் ஆடாமல் விரலை மட்டும் மெல்ல அமத்திப் பழகினேன். குசினி யன்னல் அந்தக் கிழமை மின்னியதுபோல் பிறகு ஒருநாளும் மின்னவில்லை.

6. வெள்ளிக்கிழமை

கொம்பனிப் பிஸ்டலிலும் சின்னத் துண்டைப் போட்டுத் தந்தார்கள். ஓட்டைகள் உள்ளங்கைக்குள் அடங்கவில்லை. கடதாசி முழுக்கப் பரந்துதான் கிடந்தது. ஆனால் கோட்டுக்குள். டெரெக் எண்ணிப் பார்த்து, தலையை ஆட்டி, கையெழுத்துப் போட்டார். படம் பிடித்து வட்ஸ்அப்பில் போடக்கூடிய கடதாசி அல்ல அது. எனக்கு அது போதும்.

காருக்குள் ஏறி அக்காவைத்தான் முதலில் கூப்பிட்டேன்.

"அக்கா, பாஸ்."

பின்னால் அத்தானின் குரல் கேட்டது: "நான் அப்பவே சொன்னனான் எல்லே, அவள் பாஸ் பண்ணுவாள் எண்டு!"

"சந்தோசமடி" என்றாள் அக்கா. "இனி உந்தத் துவக்கால ஒருநாளும் சுட்டுப்போடாத."

பழகுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எது திறமான பிஸ்டல் என்று என்னைக் கேட்காதீர்கள், அத்தானையும் கேட்காதீர்கள். அவர் இப்போது இதிலும் தெரிஞ்ச ஆளாகிவிட்டார், ஆட்களுக்கு என் நம்பரைக் கொடுப்பதே அவர்தான். உங்கள் இடுப்பில் எதைக் கட்டப்போகிறார்கள் என்று, கட்டப்போகிறவர்களிடம் கேளுங்கள். அதிலேயே பழகுங்கள். கைக்குப் பொருந்தவில்லை என்றால் வாய் திறந்து சொல்லுங்கள்.

அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகள் ஒரு லொறி நிறையக் காணும். ஒவ்வொரு நாள் காலையும் அந்தப் பிஸ்டலை இடுப்பில் கட்டும்போது எனக்கு ஞாபகம் வருவது அக்கா சொன்னது மட்டும்தான். வருசச் சோதனையில் கடதாசியைச் சுட்டதைத் தவிர, இன்றுவரை அவளுடைய சொல்லைத் தட்டவில்லை.