அப்பாவின் குரலை வெட்டிய வரி

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து அப்பாவுக்குக் கரகரத்த, மெலிந்த குரல்தான். செஞ்சியில் உட்கார்ந்து நான் எழுதிய வீடியோ அழைப்புச் செயலியை, சிங்கவரம் வீட்டில் இருந்த அவரை அழைத்துத்தான் முதலில் சோதித்தேன். திரையில் அவர் வாய் அசைந்தது, சத்தமே வரவில்லை.

“மைக்க மூடாத நைனா!” என்று எரிந்து விழுந்தேன்.

அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். குரலே போய்விட்டதோ என்ற பயத்தோடே நிரலைத் திறந்து பார்த்தேன்.

அப்போதுதான் உறைத்தது. என் கணீர்க் குரலை அளவாக வைத்து, அதைவிடச் சன்னமான எல்லாவற்றையும் இரைச்சலென்று வெட்டும்படி நிரலில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு மறுபடி அழைத்தேன்.

“இன்னாடா, எவ்ளோ நேரமா கத்தறேன், காதுல வுழலயா?”

அந்தத் திட்டைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

இப்போதெல்லாம் மைக் அளவை வைக்க முதலில் அவரைத்தான் பேசச் சொல்கிறேன். அவரும் தவறாமல் திட்டுகிறார்.